முதல் பாடவேளை

விருதுநகர் மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கணித ஆசிரியனாக இருந்து, 2023ஆம் ஆண்டு மே மாத முடிவில் ஓய்வு பெற்றேன். கணக்கு வாத்தியாருக்கு முதல் பாடவேளையை ஒதுக்குவது எங்கள் பள்ளிகளில் நெடுங்கால வழக்கம். காலை வேளையில்தான் பிள்ளைகளின் புத்தி தெளிந்திருக்கும், அப்போதுதான் கணக்கு ஏறும் என்பது தலைமையாசிரியர்கள் சொல்லும் நியாயம். அந்த வழக்கத்தின் பயனாக, வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக அழைக்கும்போது 'உள்ளேன் ஐயா' என்று எழுந்து நிற்கும் முகங்களை, அவை வீட்டிலிருந்து வந்த கோலம் கலையுமுன்பே நாள்தோறும் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. எந்தப் பிள்ளை சாப்பிடாமல் வந்திருக்கிறது, எந்த வீட்டில் நேற்றிரவு சண்டை, எவனுக்குக் காய்ச்சல் தொடங்குகிறது என்பதெல்லாம் அந்த ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். பாடம் நடத்துவதைவிட இந்த முகம் பார்க்கும் வித்தையே எங்கள் தொழிலில் சிரமமானது என்பது என் அபிப்பிராயம். அதைக் கற்க எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. கற்றுவிட்டேன் என்று நம்பியிருந்த காலத்திலேதான் அதில் பெரிய பிழை செய்தேன். அந்தப் பிழையைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

வகுப்பில் தூங்கும் பிள்ளை புதிய சங்கதி அன்று. 1991இல் நான் முதன்முதலாக உத்தியோகத்தில் சேர்ந்தது சாத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில். அந்த நாளில் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் விடியுமுன்பே ஊருக்குள் வந்து, அரைத் தூக்கத்தில் நடந்துவரும் சிறுபிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். அதில் ஏறாமல் பள்ளிக்கு வந்தவர்களோ, முந்தின இரவு சிமினி விளக்கைச் சுற்றி உட்கார்ந்து, தாயோடும் அக்காளோடும் சேர்ந்து பெட்டி ஒட்டிவிட்டு வந்தவர்களாக இருப்பார்கள். விரல் நுனியில் பசை காய்ந்து வெள்ளையாகத் தெரியும். அந்தப் பிள்ளை மேஜைமேல் சாய்ந்தால், பார்க்காததுபோல் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும் என்பதே அங்கிருந்த மூத்த ஆசிரியர்கள் எனக்குக் கற்பித்த முதல் பாடம். பிறகு வேறு தூக்கங்களையும் கண்டேன். பங்குனிப் பொங்கலுக்கு மறுநாள் வகுப்பு முழுவதும் தூங்கும். அது ஆண்டுக்கு ஒரு தரம், விடிய விடிய நாடகம் பார்த்த தூக்கம், அதற்கு யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. பதினொரு மணிக்கு வரும் தூக்கம் பசியினால் வருவது. சத்துணவுக்குப் பின் வருவது வெயிலும் வயிறும் சேர்ந்து செய்கிற வேலை. ஆனால் காலை ஒன்பதரை மணிக்கு, வயிறு நிறையச் சாப்பிட்டு, தலை வாரி, திருநீறு பூசி வந்த பிள்ளைக்குக் கண் சொருகுகிறது என்றால், அந்தத் தூக்கத்துக்கு என் அனுபவத்தில் பெயரில்லை.

பெயரில்லாத அந்தத் தூக்கத்தை நான் கவனிக்கத் தொடங்கியது, கொரோனா முடக்கத்துக்குப் பின் 2021 நவம்பரில் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளும் பள்ளிக்குத் திரும்பியபோது. அப்போது நான் இராஜபாளையத்துக்கு அருகே, மேற்கு மலையின் நிழல் மாலையில் சீக்கிரமே வந்து விழும் ஓர் ஊரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் எட்டாம் வகுப்பில் கடைசி வரிசைப் பையன் ஒருவன் கன்னத்தை மேஜைமேல் வைத்து உறங்கிக்கொண்டிருந்தான். எழுப்புவதற்காகக் குனிந்த நான், அவனுடைய வலக்கைப் பெருவிரல் மேஜைப் பலகையின்மேல் கீழிருந்து மேலாக, மெதுவாக, விட்டு விட்டு நகர்ந்துகொண்டிருப்பதைக் கண்டேன். கண் மூடியிருந்தது, வாயோரத்தில் எச்சில் வழிந்திருந்தது, விரல் மட்டும் எதையோ தள்ளிக்கொண்டே இருந்தது. தீப்பெட்டி ஒட்டிய பிள்ளைகளின் விரலில் பசையைப் பார்த்துத் தூக்கத்தின் காரணத்தைத் தெரிந்துகொண்டவன், இந்த விரலைப் பார்த்தும் அன்றே தெரிந்துகொண்டிருக்க வேண்டும். நானோ அவனை எழுப்பி, முகம் கழுவிவரச் சொல்லி, வகுப்பு முடியும் வரை நிற்க வைத்தேன்.

செல்போன் எங்கள் ஊர் வீடுகளுக்குள் வந்த விதத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 2016இல் ஜியோ வந்து இணையம் மலிவான பிறகு, மில்லுக்குப் போகும் ஆண்களின் சட்டைப் பையில் தொடுதிரை போன் இருப்பது சாதாரணமாயிற்று. ஆயினும் அது தகப்பனுடைய பொருளாகவே இருந்தது. பிள்ளை கேட்டு வாங்கி, சிறிது நேரம் பார்த்துத் திருப்பிக் கொடுக்கும். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது அந்த நிலை மாறிப்போயிற்று. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வந்தாலும், வாத்தியார் அனுப்பும் கணக்கையும் கேள்வியையும் பெறுவதற்குப் போன் வேண்டுமென்று நாங்களே சொன்னோம். கம்மலை அடகு வைத்துப் போன் வாங்கிய தாய்மாரை நான் அறிவேன். வயிற்றைக் கட்டி, காதை மூளியாக்கிப் படிப்புக்கென்று வாங்கித் தந்த ஒரு பொருளை, 'படிக்கிறேன்' என்று சொல்லும் பிள்ளையின் கையிலிருந்து எந்தத் தாய் எந்த நியாயத்தைச் சொல்லிப் பிடுங்குவாள்? நாடு முழுவதும் கிராமப்புறப் பிள்ளைகளிடையே எடுக்கப்பட்ட 2024ஆம் ஆண்டின் ஏசர் ஆய்வை ஓய்வு பெற்ற பின் வாசித்தேன். 14 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய 90 சதவீதத்தினர் வீட்டில் தொடுதிரை போன் இருக்கிறதென்றும், அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் ஆய்வுக்கு முந்தின வாரத்தில் படிப்புக்காக எடுத்தவர்கள் 57 சதவீதம், சமூக ஊடகத்துக்காக எடுத்தவர்கள் 76 சதவீதம் என்றும் அதில் கண்டபோது, அந்த அடகுக் கம்மல்களே என் நினைவுக்கு வந்தன.

இனி என் பிழையைச் சொல்கிறேன். நோய்த்தொற்று ஓய்ந்து, பிள்ளைகள் நேரிலேயே வகுப்புக்கு வரத் தொடங்கிய பிறகும், வகுப்புக்கு ஒன்றாக ஏற்படுத்திய வாட்ஸ்அப் குழுக்களை நாங்கள் கலைக்கவில்லை. இரவு உணவை முடித்துவிட்டு ஒன்பது மணி சுமாருக்கு ஐந்தாறு கணக்குகளைத் தாளில் எழுதி, படம் எடுத்து, குழுவில் போடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பகலில் கரும்பலகையில் எழுதிப்போட நேரம் போதவில்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். பிள்ளைகள் செய்து முடித்த விடைகளைப் படமாக அனுப்பினால் காலையில் பார்த்துக்கொள்வேன்.

அந்த எட்டாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். வீட்டுப்பாடத்தில் ஒருநாளும் தவறாதவள். கணக்கின் ஒவ்வொரு படியையும் அளவுகோல் வைத்துக் கோடு கிழித்துப் பிரித்து எழுதுவாள். அவளுடைய நோட்டில் சிவப்பு மசியால் 'மிக நன்று' என்று நான் எழுதாத வாரம் இராது. அதே பெண் முதல் பாடவேளையில் கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியாமல், இமையைத் தேய்த்துத் தேய்த்துச் சிவக்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நன்றாகப் படிக்கிற பெண் வகுப்பில் இப்படிச் சோம்பலாமா என்று நான் பலமுறை கடிந்துகொண்டதுண்டு. எழுதியதற்குப் பாராட்டும் தூங்கியதற்குக் கண்டனமுமாக இரண்டையும் ஒரே கையால் கொடுத்துவந்த எனக்கு, அவ்விரண்டுக்கும் சம்பந்தம் இருக்கக்கூடும் என்று தோன்றவே இல்லை.

ஒருநாள் காலை அவள் அனுப்பிய படத்தைத் திறந்தபோது, அதன் ஓரத்தில் இருந்த நேரம் தற்செயலாகக் கண்ணில் பட்டது. 1.24. இரவு ஒன்று இருபத்து நான்கு. குழுவை மேலே தள்ளி முந்தின நாட்களைப் பார்த்தேன், 1.10, 12.58, 1.41 என்று அந்த மாதம் முழுவதும் அப்படியே இருந்தது. ஒவ்வொரு நாளும் நான் பார்த்துத் திருத்திய படங்கள்தாம் அவை. விடையைப் பார்த்த கண் நேரத்தைப் பார்க்கவில்லை.

அவளுடைய தாயாரை வரச் சொன்னேன். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி மடிக்கும் வேலைக்குப் போகிறவர். அரை நாள் கூலியை இழந்து, புடவையில் ஒட்டிய பஞ்சுத் துகளோடு வந்து நின்றார். "அவங்க அப்பா அரை நைட் போறாக ஐயா. போனு அவுககிட்டதான் இருக்கும். பன்னெண்டரைக்கு வண்டிச் சத்தம் கேட்டா இவ தானா எந்திரிச்சிருவா. அப்பத்தான் நீங்க அனுப்புன கணக்க பாக்க முடியும்" என்றார். குற்றம் சாட்டும் தொனி அதில் சிறிதும் இல்லை. மகளின் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லுவதாகவே அவர் நினைத்தார். எழுதி முடித்தபின் தூங்கிவிடுவாளா என்று கேட்டேன். "அவுக சாப்புட்டுப் படுத்துருவாக. நானும் கண்ணசந்துருவேன். அப்பறம் போனு அவ கையிலதான் இருக்கும், அவ பாட்டுக்கு என்னமோ பாத்துக்கிட்டுக் கெடப்பா ஐயா" என்றார்.

மாலை நான்கு முதல் நள்ளிரவு பன்னிரண்டு வரை ஓடும் ஷிப்டை எங்கள் பக்கத்து மில்காரர்கள் அரை நைட் என்பார்கள். என் வகுப்பில் எத்தனை தகப்பன்மார் அரை நைட் போகிறவர்கள், எத்தனை வீட்டில் ஒரே ஒரு போன், அது எந்த நேரத்தில் பிள்ளையின் கைக்கு வருகிறது என்று நான் ஒருபோதும் விசாரித்ததில்லை. இரவு ஒன்பது மணிக்கு நான் அனுப்பிய ஐந்து கணக்குகள், பதின்மூன்று வயதுப் பெண்ணொருத்தியை நடு நித்திரையில் எழுப்பி உட்கார வைத்து, கையில் போனையும் கொடுத்து, வீட்டார் எல்லாரும் உறங்கும் நேரத்தில் அதனோடு தனியாக விட்டுவந்திருக்கின்றன.

என் பழைய மாணவி ஒருவர் இப்போது குழந்தை வைத்தியராக இருக்கிறார். அந்த வாரமே அவரிடம் போனேன். 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணிநேரமும், 13 முதல் 18 வரையுள்ள பிள்ளைக்கு 8 முதல் 10 மணிநேரமும் உறக்கம் வேண்டுமென்று அமெரிக்க நித்திரை வைத்தியர்களின் சங்கம் 2016இல் வகுத்திருப்பதை அவர்தாம் எனக்குச் சொன்னார். நான் மனத்துக்குள்ளேயே கணக்குப் போட்டேன். ஒன்றரை மணிக்குப் படுத்து ஆறரைக்கு எழும் பிள்ளைக்கு இரவுக்கு மூன்று மணி குறைகிறது. பள்ளி நடக்கும் ஆறு நாளைக்குப் பதினெட்டு மணி. வாரந்தோறும் இரண்டு முழு இரவுகளுக்கு மேலான தூக்கத்தைக் கடன் வைத்துக்கொண்டு வருகிற பிள்ளைக்கு நான் காரணிப்படுத்துதல் நடத்திக்கொண்டிருந்தேன். இரவின் முற்பகுதியில்தான் ஆழ்ந்த உறக்கம் அதிகம் என்பதையும், தேகம் வளர்வதற்கான சுரப்பு பெரும்பாலும் அந்த ஆழ்ந்த உறக்கத்திலேயே பெருகுகிறது என்பதையும், கனவு மிகுந்த உறக்கம் விடியலை ஒட்டியே நீளுகிறது என்பதையும் அவர் விளக்கினார். அந்தப் பெண் விழித்துக்கொண்டது முதலாவது முடிவதற்குள். ஆறு மணிக்குத் தாய் எழுப்பியதோ இரண்டாவது முடிவதற்குள்.

வெளிச்சத்தைப் பற்றியும் அவர் சொன்னார். இருள் வந்ததும் மூளையின் நடுவேயுள்ள ஒரு சிறு சுரப்பி மெலடோனின் என்னும் பொருளைச் சுரந்து, தேகத்துக்கு இரவாகிவிட்டதென்று அறிவிக்கிறது. 1958இல் ஏரன் லெர்னர் என்ற தோல் வைத்தியர் அதை மாடுகளின் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்துப் பெயரிட்டார். கண்ணில் பார்வைக்கென்று இல்லாமல், பகலா இரவா என்பதை மூளைக்குச் சொல்வதற்கென்றே சில உயிரணுக்கள் உண்டு. நீல ஒளி பட்டால் அவை பகல் என்று சொல்லிவிடும், செல்போன் திரையில் அந்த ஒளி நிறைய உண்டு. பிள்ளைகளின் கண்மணி அகலம், வில்லை பளிங்குபோல் தெளிவு. ஆகவே பெரியவர்களுக்குப் படுவதைவிட அவர்களுக்கு அந்த ஒளி கூடுதலாக உள்ளே போய், மெலடோனினைக் கூடுதலாகத் தடுக்கிறது. 2015இல் பாஸ்டன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 12 பேரைப் படுக்கைக்கு முன் சில நாள் ஒளிரும் திரையிலும் சில நாள் அச்சுப் புத்தகத்திலும் வாசிக்க வைத்தபோது, திரையில் வாசித்த நாட்களில் அந்தச் சுரப்பு ஒன்றரை மணிநேரம் தள்ளிப்போயிற்றாம். அவர்கள் எல்லாரும் வளர்ந்தவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதையெல்லாம் நான் நம்புகிறேன். ஆயினும் முப்பது ஆண்டு பிள்ளைகளோடு பழகியவன் என்ற முறையில், வெளிச்சத்தைவிட வேறொன்றே பெரிய காரணம் என்று எனக்குப் படுகிறது. எங்கள் காலத்தில் இரவுக்கு விழிப்புத் தந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு இருந்தது. டூரிங் கொட்டகையில் இரண்டாம் ஆட்டம் முடிந்தால் விளக்கைப் போட்டு வெளியே அனுப்பிவிடுவான். நாடகம் மங்களம் பாடி முடியும். தூர்தர்ஷன் இரவில் தன் ஒளிபரப்பையே நிறுத்திக்கொள்ளும். கதைப் புத்தகமானால் கடைசிப் பக்கம் வரும், அதற்கு முன்பே மண்ணெண்ணெய் தீர்ந்துபோகும். இப்போது பிள்ளையின் கையில் இருப்பதற்கு முடிவே கிடையாது. ஒன்று முடியுமுன் மற்றொன்று தானாக வந்து நிற்கிறது, நிறுத்துகிற பொறுப்பு முழுவதும் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் தலையில் விழுகிறது. நாற்பது வயது மனிதரால் செய்ய முடியாத காரியத்தைப் பிள்ளை செய்யவில்லை என்று கோபிப்பது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

மறுவாரம் முதல் நான் குழுவில் கணக்குப் போடுவதை நிறுத்தினேன். கடைசி மணி அடிப்பதற்குப் பத்து நிமிஷம் முன்னால், அந்த வேளைக்குரிய ஆசிரியரிடம் அனுமதி கேட்டு வகுப்புக்குள் போய், மூன்றே கணக்குகளைக் கரும்பலகையில் எழுதிவிட்டு வருவேன். மற்ற ஆசிரியர்களையும் இதற்கு இணங்க வைப்பது எளிதாக இருக்கவில்லை. எங்களுக்கு வரும் சுற்றறிக்கைகள் எல்லாமே இரவில் போனில்தான் வருகின்றன, நமக்கு ஒரு நியாயம் பிள்ளைகளுக்கு ஒரு நியாயமா என்று ஒருவர் கேட்டார். அவர் கேட்டதிலும் அர்த்தம் இருந்தது. கடைசியில், மாலை ஆறு மணிக்குமேல் எந்த வகுப்புக் குழுவிலும் எந்தப் பாடமும் போடுவதில்லை என்ற அளவுக்கு உடன்பட்டார்கள். ஒன்பதாம் வகுப்பில் புள்ளியியல் பாடம் வந்தபோது, பெயர் எழுதாமல் ஒரு வாரத்துக்குத் தாங்கள் படுத்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் குறித்துவரச் சொல்லி, அதையே நிகழ்வெண் பட்டியலாக்கிச் சராசரியும் இடைநிலையும் காணச் செய்தேன். எட்டு மணிநேரம் என்ற கட்டத்தில் விழுந்த கோடுகளைப் பிள்ளைகள் தாமே எண்ணிப் பார்த்துவிட்டு, ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்ட அந்த நேரத்து அமைதி, நான் செய்த எந்த உபதேசத்துக்கும் கிடைத்ததில்லை.

பெற்றோர் கூட்டத்தில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பேசினேன்: பிள்ளை படுக்கும் பாயில் போன் படுக்கக்கூடாது. 2016இல், 1,25,000க்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றிய 20 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள், படுக்கை நேரத்தில் போனைப் பயன்படுத்தாமல் அது அருகில் இருக்கும் பிள்ளைகளுக்குக்கூடத் தூக்கம் குறைந்தே இருக்கக் கண்டார்கள் என்பதை டாக்டர் எனக்குச் சொல்லியிருந்தார். ஆனால் ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் அதை எங்கே வைப்பது? தாய்மாரே வழி சொன்னார்கள். ஒருவர் பரண்மேல் என்றார். ஒருவர் சாமி மாடத்தில் விளக்கணைத்தபின் அங்கே வைத்துவிட்டால் பிள்ளை கை வைக்காது என்றார். ஒரு பாட்டி தன் தலைமாட்டுச் சுருக்குப் பையில் போட்டுக்கொள்வதாகச் சொன்னார். அலாரம் அடிக்கப் போன் வேண்டாமா என்று ஒருவர் கேட்டதற்கு, என் வீட்டு அலாரம் கடிகாரத்தையே கொண்டுபோய்க் காட்டினேன். சாவி கொடுக்கும் கடிகாரத்தைப் பார்த்தே இராத பிள்ளைகள் அதைச் சுற்றி நின்றார்கள். எல்லாவற்றிலும் கடினமானது தகப்பன்மார் விஷயம். "அப்பா மட்டும் பாக்காரே" என்று பிள்ளை கேட்கும்போது எந்தத் தாயாலும் பதில் சொல்ல முடியாது. தகப்பன்மாரோ எட்டு மணிநேரம் நூற்புக் கதிர்களின் இரைச்சலில் நின்றுவிட்டு வருகிறவர்கள். அவர்களுக்கு இருக்கும் ஒரே ஆறுதலை விடச் சொல்ல எனக்கு வாய் எழவில்லை, பிள்ளைக்கு முன்னால் வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். சிலர் கேட்டார்கள். பலர் கேட்கவில்லை.

பெருவிரல் அசைய உறங்கிய பையனின் கதை நல்லபடியாக முடியவில்லை. கூட்டத்தில் நான் பேசியதைக் கேட்ட தகப்பனார் அன்றிரவே போனைப் பிடுங்கிப் பூட்டிவிட்டார்; பையன் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிந்து, இரண்டு நாள் பட்டினி கிடந்து, பிறகு சிநேகிதன் வீட்டில் இரவைக் கழிக்கத் தொடங்கிவிட்டான். ஒரேயடியாகப் பிடுங்காதீர்கள், அரைமணி அரைமணியாக முன்னே தள்ளிக்கொண்டு வாருங்கள் என்று டாக்டர் எனக்குச் சொல்லியிருந்ததை நான் கூட்டத்தில் சொல்ல மறந்துபோனேன். நேரில் போய்ச் சமாதானம் செய்துவைத்தேன். ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் அவன் வேறு ஊருக்குப் போய்விட்டான். இப்போது எப்படித் தூங்குகிறான் என்று தெரியாது.

அந்தப் பெண்ணின் விஷயம் வேறு. கரும்பலகைக்கு வீட்டுப்பாடம் மாறி ஒரு மாதம் இருக்கும். ஒருநாள் காலை நோட்டுகளைத் திருத்திக்கொண்டு வரும்போது அவள் முறை வந்தது. நோட்டை நீட்டாமல் மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். கேட்டதற்குத் தலை கவிழ்ந்து, "கணக்குப் போடல ஐயா. எட்டரைக்கே தூக்கம் வந்திருச்சு. எந்திரிக்கவே இல்ல" என்றாள். கண்ணைப் பார்த்தேன். இமையில் சிவப்பில்லை; அழுகை மட்டும் வரத் தயாராக நின்றது. நோட்டை வாங்கி, முந்தின நாளின் கணக்குக்கு எதிரே காலியாகக் கிடந்த பக்கத்தில் தேதியைப் போட்டு, சிவப்பு மசியால் கையெழுத்திட்டு, உட்காரச் சொன்னேன்.